இணைப்பு: மேற்கண்டவாறு

2000-ல் வங்கியில் சேர்ந்தபோது எனக்கு முதலில் கொடுத்த வேலை தபால் அனுப்புவது. பி.காம். முடித்து, பரீட்சை எழுதி, இன்டர்வியூ தாண்டி வந்தவனை டெஸ்பாட்ச் மேஜையில் உட்கார வைத்தால் எப்படி இருக்கும்? முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தேன். விருதுநகர் பக்கத்துக் கிளை அது. ஓய்வு பெற ஒரு வருஷமே மிச்சமிருந்த ஸ்பெஷல் அசிஸ்டென்ட் ஒருவர் என் பக்கத்து மேஜை. ஒரு நாள் நான் கவரில் போட்டு ஒட்டப் போன காகிதங்களைப் பிடுங்கிப் பார்த்தார்.

"தம்பி, கவரிங் லெட்டர்ல மேனேஜர் கையெழுத்து இருக்கு. சரி. உள்ள வச்சிருக்கிற நாலு காகிதத்துல யாரு கையெழுத்து இருக்கு?"

"அதான் லெட்டர் அடியில இணைப்பு மேற்கண்டவாறுன்னு போட்டிருக்கேனே சார்."

"வழியில எவனாவது ஒரு காகிதத்த உருவிட்டு வேற ஒண்ணச் சொருகினா, அந்த மேற்கண்டவாறு வந்து சாட்சி சொல்லுமா?"

அன்றிலிருந்து ஒவ்வொரு இணைப்பிலும் ரவுண்ட் சீல் குத்தி, 1/4, 2/4 என்று எண் போட்டு, இனிஷியல் போட்ட பிறகுதான் கவரை ஒட்டுவேன். இந்தப் பாடம் ஐந்து வருஷம் கழித்து தில்லியில், கம்ப்யூட்டர் சம்பந்தமான ஒரு விஷயத்தில் எனக்குத் தேவைப்பட்டது. தேவைப்பட்ட நேரத்தில் ஞாபகம் வரவில்லை என்பதுதான் சோகம்.

இரண்டு கம்ப்யூட்டர்கள் தங்களுக்குள் கடிதம் எழுதிக்கொள்ளும்போது அதோடு ஒரு படத்தை எப்படிச் சேர்த்து அனுப்புவது என்பது பற்றித்தான் இந்தப் பதிவு. சின்ன விஷயம் மாதிரித் தெரியும். ஆனால் இதற்கு ஒழுங்கான விடை கிடைக்க உலகத்தின் பெரிய மென்பொருள் கம்பெனிகளுக்கே ஐந்து வருஷத்துக்கு மேல் ஆனது. நான் கம்ப்யூட்டர் படித்தவன் இல்லை. டெபிட், கிரெடிட் தெரிந்தவன். அதனால் நான் புரிந்துகொண்ட விதத்தில்தான் சொல்ல முடியும்.

2005-ல் என்னை தில்லிக்கு மாற்றி, ஒரு புராஜெக்ட் குழுவில் போட்டார்கள். கிளைகளில் இரும்பு அலமாரியில் இருந்த மாதிரிக் கையெழுத்து அட்டைகளையெல்லாம் ஸ்கேன் செய்து மையக் கணினிக்கு அனுப்ப வேண்டும். மென்பொருள் எழுதியது வெளி ஆட்கள். அது வங்கியின் நடைமுறைப்படி சரியாக இருக்கிறதா என்று சோதித்துக் கையெழுத்துப் போடுவது என் வேலை.

கிளைகளில் அப்போது 64 கேபிபிஎஸ் லீஸ்டு லைன். அதுவும் மழை வந்தால் படுத்துவிடும். ஒரு வாடிக்கையாளரின் படமும் கையெழுத்தும் சேர்ந்து 30,000 பைட் என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்குப்படி 3.75 விநாடியில் போக வேண்டும். ஆனால் எங்கள் மென்பொருள் அதை 40,000 பைட்டாக வீங்க வைத்து அனுப்பிக்கொண்டிருந்தது. 5 விநாடி. ஆயிரம் அட்டைக்கு 62 நிமிஷம் ஆக வேண்டியது 83 நிமிஷம். "ஏம்பா இப்படி வீங்குது?" என்று கேட்டேன். மென்பொருள் எழுதிய தெலுங்குப் பையன், "பேஸ்-64 சார், அப்படித்தான் ஆகும்" என்றான்.

அப்படித்தான் ஆகும் என்ற பதில் எனக்குப் பிடிக்காது. வட்டிக் கணக்கில் ஒரு ரூபாய் அதிகமானாலே ஏன் என்று கேட்கிறவர்கள் நாங்கள். மூன்றில் ஒரு பங்கு கூடினால் விடுவோமா? துருவித் துருவிக் கேட்டதில் ஒரு முழு வரலாறே கிடைத்தது.

ஆரம்பத்தில் கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேசியது எழுத்தில் மட்டும்தான். 1963-ல் வந்த ஆஸ்கி என்ற எழுத்துப் பட்டியலில் ஓர் எழுத்துக்கு 7 பிட். மொத்தம் 128 குறிகள். ஆங்கிலத்துக்கு அது தாராளம். (தமிழ் பற்றி அப்போது யார் யோசித்தார்கள்!) 1982-ல் மின்னஞ்சலுக்கு விதி எழுதியபோதும் இந்த 7 பிட் எழுத்துகளை மட்டும் கொண்டுபோனால் போதும் என்றே வைத்தார்கள். ஆனால் படம், பாட்டு, புரோகிராம் எல்லாம் 8 பிட் பைட்டுகளால் ஆனவை. அவற்றில் எந்த எண்ணும் வரலாம். அப்படியே அனுப்பினால் வழியிலிருக்கும் ஏதோ ஒரு இயந்திரம் எட்டாவது பிட்டை வெட்டிவிடும், அல்லது நடுவில் வரும் ஒரு பைட்டை 'கடிதம் முடிந்தது' என்று எடுத்துக்கொண்டுவிடும்.

ஆக, எழுத்து இல்லாததை எழுத்து மாதிரி வேஷம் போட்டு அனுப்ப வேண்டும். 1980-ல் பெர்க்லியில் மேரி ஆன் ஹார்ட்டன் எழுதிய யூயூஎன்கோட் என்ற புரோகிராம் அதைச் செய்தது. மூன்று பைட்டை, அதாவது 24 பிட்டை, ஆறு ஆறு பிட்டாக நாலாகப் பிரித்து, ஒவ்வொரு ஆறுக்கும் ஓர் எழுத்து. மூன்று உள்ளே போனால் நான்கு வெளியே வரும். எங்கள் 30,000 பைட் 40,000 ஆன ரகசியம் இதுதான்.

யூயூஎன்கோட்டில் இடைவெளியையும் ஓர் எழுத்தாக எடுத்துக்கொண்டார்கள். வரிக் கடைசியில் இருக்கும் இடைவெளியைச் சில இயந்திரங்கள் 'எதற்கு இது' என்று நறுக்கிவிட, படம் பாழாகும். 1987-ல் ரகசிய மின்னஞ்சலுக்கு ஒரு விதி எழுதினார்கள். அதில் எந்த இயந்திரமும் கை வைக்காத 64 குறிகளை மட்டும் தேர்ந்தெடுத்தார்கள்: பெரிய எழுத்து 26, சின்ன எழுத்து 26, எண் 10, கூட்டல் குறி, சாய்கோடு. இன்று பேஸ்-64 என்கிறோமே, அது இதுதான். அந்த 1987 விதியின் நோக்கம் கடிதத்தை நடுவில் யாரும் படிக்கவோ மாற்றவோ முடியாமல் செய்வது. பேஸ்-64 பிறந்ததே கையெழுத்தையும் முத்திரையையும் பற்றிக் கவலைப்பட்டவர்கள் வீட்டில் என்பது எனக்குப் பிடித்த தகவல்.

பிறகு 1992. பெல்கோர் நிறுவனத்தின் நதானியேல் போரன்ஸ்டீனும் இன்னோசாஃப்டின் நெட் ஃப்ரீடும் சேர்ந்து மைம் என்ற முறையைக் கொண்டுவந்தார்கள். ஒரே மின்னஞ்சலில் பல பகுதிகள், ஒவ்வொரு பகுதிக்கும் அது படமா, பாட்டா, எழுத்தா என்று ஒரு சீட்டு. 1992 மார்ச் 11 அன்று போரன்ஸ்டீன் அனுப்பிய மின்னஞ்சல்தான் மைம் இணைப்போடு போன முதல் கடிதம் என்கிறார்கள். அதில் இருந்தது என்ன தெரியுமா? அவரும் நண்பர்களும் சேர்ந்து பாடிய நால்வர் குழுவின் போட்டோ, கூடவே அவர்கள் பாடிய பாட்டு. பேரப் பிள்ளைகளின் போட்டோ மின்னஞ்சலில் வர வேண்டும் என்று அவர் சொன்னபோது சிரித்தவர்கள் உண்டாம்.

மின்னஞ்சலோடு முடிந்திருந்தால் இந்தப் பதிவுக்கு வேலை இல்லை. 1998 பிப்ரவரியில் எக்ஸ்எம்எல் வந்தது. தகவலை அடைப்புக்குள் பெயர் போட்டு எழுதும் முறை. கணக்கு எண் என்று ஓர் அடைப்பு, பெயர் என்று ஓர் அடைப்பு, மனிதனும் படிக்கலாம், இயந்திரமும் படிக்கலாம். அதே வருஷம் டேவ் வைனர், டான் பாக்ஸ் உள்ளிட்ட நால்வர் சேர்ந்து, எக்ஸ்எம்எல்லில் எழுதிய கடிதத்தை ஒரு கம்ப்யூட்டர் இன்னொன்றுக்கு இணையம் வழியே அனுப்பி வேலை வாங்குவதற்கு ஒரு முறையை வடிவமைத்தார்கள். பெயர் சோப். (குளிக்கிற சோப் இல்லை.) 'எளிய' என்ற சொல்லில் ஆரம்பிக்கும் விரிவாக்கம் அதற்கு இருந்தது. 2003-ல் 1.2 பதிப்பு வந்தபோது விரிவாக்கத்தையே எடுத்துவிட்டார்கள். அந்தப் பதிப்பைப் படிக்க முயன்றவன் என்ற முறையில் சொல்கிறேன், எடுத்தது நேர்மையான காரியம்.

சோப் கடிதத்தின் அமைப்பு எங்களைப் போன்ற தபால் மேஜைக்காரர்களுக்கு ரொம்பப் பழக்கமானது. வெளியே உறை, உள்ளே தலைப்பு, அதற்குக் கீழே விஷயம். எல்லாம் எழுத்து. மறுபடியும் அதே பழைய சிக்கல்! எக்ஸ்எம்எல்லுக்குள் படத்தின் பைட்டுகளை அப்படியே போட முடியாது. பூஜ்யம் என்ற பைட் எக்ஸ்எம்எல்லில் வரவே கூடாது. அடைப்புக்குறிக்கு உரிய பைட் படத்தின் நடுவில் தற்செயலாக வந்தால், புது அடைப்பு ஆரம்பிக்கிறது என்று இயந்திரம் குழம்பிவிடும். அதனால் சோப் கடிதத்திலும் படம் என்றால் பேஸ்-64தான். மூன்றுக்கு நான்கு.

இதைத் தவிர்க்க 2000 டிசம்பரில் ஒரு யோசனை வந்தது. ஹெச்பி ஆய்வகத்தின் ஜான் பார்ட்டன், மைக்ரோசாஃப்டின் சதீஷ் தத்தே, ஹென்ரிக் ஃப்ரிஸ்டிக் நீல்சன் மூவரும் எழுதிய குறிப்பு. மின்னஞ்சலில் இருக்கும் மைம் முறையையே எடுத்துக்கொள்வோம். முதல் பகுதியில் சோப் கடிதம், அடுத்தடுத்த பகுதிகளில் படங்கள், வேஷம் போடாமல் அசல் பைட்டுகளாக. கடிதத்துக்குள் 'படம் இன்ன அடையாள எண் உள்ள பகுதியில் இருக்கிறது' என்று ஒரு குறிப்பு. சுருக்கமாகச் சொன்னால் கவரிங் லெட்டரும் என்க்ளோஷரும்.

இதைக் கேள்விப்பட்டதும் நான் குதித்தேன். நான்கு மூன்றாகும், 25 சதவீதம் மிச்சம்! "இதையே போடுப்பா" என்றேன். "சார், இப்போ இருக்கிறதே நல்லா ஓடுது..." என்று அந்தப் பையன் இழுத்தான். நான் விடவில்லை. மாற்றினார்கள். பத்து நாள் சோதித்தேன். நேரம் குறைந்ததா? குறைந்தது. படம் தெளிவாகத் திறக்கிறதா? திறக்கிறது. சோதனைப் படிவத்தில் வரிசையாக டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டேன். மேலதிகாரி எல்லோர் முன்னாலும் பாராட்டினார். வீட்டுக்காரிக்கு அன்று சரோஜினி நகரில் ஸ்வெட்டர் வாங்கிக் கொடுத்தேன்.

ஆறு மாதம் கழித்து ஒரு கிளைக்குப் போயிருந்தபோது, மேனேஜர் மேஜை முன்னால் எழுபது வயதைத் தாண்டிய ஒரு பஞ்சாபி அம்மா உட்கார்ந்திருந்தார். ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. கணவர் ஆஸ்பத்திரியில். அங்கே கொடுத்த செக், 'கையெழுத்து மாறுபடுகிறது' என்று திரும்பிவிட்டது. ரிட்டன் மெமோவைக் கையில் வைத்திருந்தார். கோபமாகக்கூடப் பேசவில்லை. "பேட்டா, முப்பது வருஷமா இதே கையெழுத்துதான் போடறேன். கை நடுங்குதா என்ன?" என்று தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரையில் அவர் கணக்கைத் திறந்தோம். பெயர் சரி, கணக்கு எண் சரி. கையெழுத்து? அவர் போடுவது இந்தியில். திரையில் இருந்ததோ ஆங்கிலத்தில் சுழித்துச் சுழித்துப் போட்ட ஒரு வியாபாரிக் கையெழுத்து. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அலமாரியைத் திறந்து அட்டைகளை வெளியே எடுத்தோம். அந்தச் சுழித்த கையெழுத்து, வரிசையில் அவருக்கு அடுத்த கணக்குக்காரருடையது. அந்த அடுத்தவர் கணக்கைத் திறந்தால், அதில் அவருக்கு அடுத்தவர் கையெழுத்து!

நடந்தது இதுதான். ஒரு கடிதத்தில் 50 கணக்குகள் போகும். எக்ஸ்எம்எல்லில் ஐம்பது கணக்கு எண்ணும் பெயரும், பின்னாலேயே 50 படம். ஒரு கட்டில் பத்தொன்பதாவது அட்டை ஸ்கேன் ஆகாமல் வெறுமையாக இருந்திருக்கிறது. அனுப்பிய புரோகிராம் அந்தப் படத்தைச் சேர்க்காமல் விட்டுவிட்டது. வாங்கிய புரோகிராமோ அடையாள எண்ணைப் பார்க்கவே இல்லை. முதல் கணக்குக்கு முதல் படம், இரண்டாவதுக்கு இரண்டாவது என்று வரிசையாகப் பொருத்திக்கொண்டு போனது. பத்தொன்பதிலிருந்து எல்லோருக்கும் பக்கத்து ஆள் கையெழுத்து. ஐம்பதாமவருக்குப் படமே இல்லை. 'அட்டை நிலுவையில்' என்று ஒரு நிலை ஏற்கெனவே இருந்ததால், அதையும் இயந்திரம் சத்தமில்லாமல் ஏற்றுக்கொண்டது.

நியாயமாகச் சொன்னால், இதற்கு அந்த 2000-ஆம் வருஷக் குறிப்பைக் குறை சொல்ல முடியாது. அடையாள எண்ணை வைத்துத்தான் படத்தைத் தேட வேண்டும் என்பதற்கான வழி அதில் இருக்கிறது. ஆனால் கட்டாயம் என்று எதுவும் இல்லை. இணைப்பைத் தேடுவதும் தேடாததும் வாங்குகிறவர் இஷ்டம். பழைய முறையில், பேஸ்-64 வீக்கத்தோடு போனபோது, கையெழுத்துப் படம் அந்தக் கணக்கின் அடைப்புக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது. நகர இடமே கிடையாது. கனத்தைக் குறைக்கிறேன் என்று அதை வெளியே எடுத்துப் போடச் சொன்னவன் நான். வெளியே எடுத்த பிறகு ஒட்டியிருக்கிறதா என்று சோதிக்காமல் கையெழுத்துப் போட்டவனும் நான். விருதுநகர்ப் பெரியவர் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று இன்றைக்கும் யோசிப்பேன்.

மேனேஜர் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுப் பேசினார், செக் திரும்பியதற்குப் பிடித்த கட்டணத்தைத் திருப்பினோம். அதன் பிறகு மூன்று ஞாயிற்றுக்கிழமை, நானும் நாலு பேரும் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு திரையோடு ஒப்பிட்டோம். நானூற்றுச் சொச்சம் கணக்குகள் தப்பு. அதில் எத்தனை செக் நியாயமில்லாமல் திரும்பியிருக்கும், அதைவிட மோசமாக எத்தனை செக் நியாயமில்லாமல் பாஸ் ஆகியிருக்கும் என்று யோசித்தால் தூக்கம் வராது. ஒன்றும் பெரிதாக வெளியே வரவில்லை. அதிர்ஷ்டம்தான், வேறு என்ன.

நாங்கள் விழுந்த இதே பள்ளத்தைப் பற்றித்தான் அந்த வருஷங்களில் பெரிய கம்பெனிகளும் சண்டை போட்டுக்கொண்டிருந்தன என்பது எனக்குப் பின்னால்தான் தெரியும். 2001-ல் மைக்ரோசாஃப்ட் டைம் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. எழுதியவர்களில் மேலே சொன்ன அதே நீல்சனும் ஒருவர். மைம் முறையில் ஒரு பகுதி எங்கே முடிகிறது என்று தெரிய, நடுவில் ஒரு பிரிப்பு வரி வைப்பார்கள். அதைக் கண்டுபிடிக்க ஒவ்வொரு பைட்டாகப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். டைம் முறையில் முன்னாலேயே 'அடுத்து வருவது இத்தனை பைட்' என்று எழுதிவிடுவார்கள். நோட்டுக் கட்டின் மேல் சுற்றிய ஸ்லிப் மாதிரி. எனக்குப் பிடித்த ஏற்பாடு, ஆனால் நிலைக்கவில்லை. வேகம் கூடியதே தவிர, கடிதம் தனி, இணைப்பு தனி என்ற அடிப்படைச் சிக்கல் அப்படியே இருந்தது.

அந்தச் சிக்கலுக்கு இன்னொரு முகம் டிஜிட்டல் கையெழுத்து. எக்ஸ்எம்எல் கடிதத்தில் எப்படிக் கையெழுத்திடுவது என்ற விதி 2002-ல் வந்தது. அது எக்ஸ்எம்எல்லுக்குள் இருப்பதற்கு நன்றாக வேலை செய்யும். வெளியே தொங்கும் படத்துக்கு? தனி ஏற்பாடு வேண்டும். மேனேஜர் கையெழுத்து கவரிங் லெட்டரில் மட்டும் இருக்கிற அதே கதை. 2003-ல் மைக்ரோசாஃப்ட், பிஇஏ ஆட்கள் சிலர் இதை உடைத்து எழுதினார்கள்: கடிதத்துக்கு ஒரு வகை அமைப்பு, இணைப்புக்கு வேறு வகை அமைப்பு என்று இரண்டு வைத்துக்கொண்டிருக்கும்வரை கையெழுத்து, ரகசியம், வழியனுப்பல் எல்லாவற்றையும் இரண்டு தடவை செய்ய வேண்டும், ஒன்றாக்குங்கள்.

எப்படி ஒன்றாக்குவது? உள்ளே வைத்தால் கனம், வெளியே வைத்தால் பயம். 2005 ஜனவரி 25 அன்று டபிள்யூ3சி அமைப்பு வெளியிட்ட எம்டாம், எக்ஸ்ஓபி என்ற இரண்டு பரிந்துரைகளில் இருக்கும் விடையைப் படித்தபோது, இதை ஒரு வங்கிக்காரன்தான் யோசித்திருக்க வேண்டும் என்று தோன்றியது. (இல்லை. பதிப்பித்த நால்வரும் மைக்ரோசாஃப்ட், ஐபிஎம், பிஇஏ, கேனன் ஆட்கள். ஆம், கேமராவும் ஜெராக்ஸ் மெஷினும் செய்கிற அதே கேனன். படத்தைப் பற்றி அவர்களுக்கு அக்கறை இருக்காதா!)

வீட்டுக் கடன் ஃபைலை நினைத்துப் பாருங்கள். மூலப் பத்திரம் அந்த ஃபைலில் சேர்ந்தது. ஆனால் ஃபைலுக்குள் இருக்காது, தீப்பிடிக்காத பெட்டகத்தில் இருக்கும். ஃபைலில் அந்த இடத்தில் ஒரு சீட்டு: 'பத்திரம், பெட்டகம், எண் இன்னது'. ஆடிட்டர் வந்தால் பத்திரத்தை எடுத்து அதே இடத்தில் வைத்துக் காட்ட வேண்டும். காட்ட முடியாவிட்டால் ஃபைலே குறையானது. எம்டாமும் இதுதான். கணக்குப்படி படம் கடிதத்துக்கு உள்ளேதான், பேஸ்-64 எழுத்தாக, தன் அடைப்புக்குள் இருக்கிறது. கையெழுத்து போடுவதும் அதன் மேல்தான். ஆனால் கம்பியில் ஏறும் நேரத்தில் மட்டும் அந்த எழுத்தை உருவி, அசல் பைட்டாக மைம் பகுதியில் வைத்து, உருவிய இடத்தில் ஒரு சீட்டு. போய்ச் சேர்ந்ததும் சீட்டு இருக்கும் இடத்தில் படத்தைத் திரும்ப வைத்துவிட்டுத்தான் கடிதத்தைக் கொடுப்பார்கள். கடிதம் எழுதுகிறவனுக்கும் படிக்கிறவனுக்கும் வழியில் இப்படி நடந்ததே தெரிய வேண்டியதில்லை.

எங்கள் பத்தொன்பதாவது அட்டை இந்த முறையில் போயிருந்தால், பத்தொன்பதாவது அடைப்பு காலியாக இருந்திருக்கும். அவ்வளவுதான். இருபதாமவர் கையெழுத்து இருபதாமவரிடமே இருந்திருக்கும். பரிந்துரை வெளிவந்து மாதங்கள் ஆகியிருந்தன, ஆனால் எங்கள் கைக்கு அது வரவில்லை. மைக்ரோசாஃப்டின் கருவிப் பெட்டியில் டைமை எடுத்துவிட்டு எம்டாமை வைத்தது 2005 கடைசியில், ஜாவா பக்கம் பரவலானது 2006-ல்.

எம்டாமிலும் இலவசம் ஒன்றும் இல்லை. கையெழுத்தைச் சரிபார்க்க, வந்த பைட்டை மறுபடி பேஸ்-64 ஆக்கித்தான் கணக்குப் போட வேண்டும். கம்பியில் மிச்சம் பிடித்ததை இயந்திரத்தின் உழைப்பில் கொடுக்கிறோம். சில நூறு பைட் மட்டும் உள்ள சின்னப் படத்துக்கு, மைம் சீட்டுகளே படத்தைவிடக் கனமாகிவிடும்.

நம் நாட்டில் இந்த இரண்டு வழியும் பெரிய அளவில் நடக்கிறது. செக் காகிதத்தை ஊர் ஊராகச் சுமக்காமல் படத்தை மட்டும் அனுப்பும் சிடிஎஸ் முறையை ரிசர்வ் வங்கி 2008 பிப்ரவரி 1-ல் தில்லியில் ஆரம்பித்தது. சென்னைக்கு 2011 செப்டம்பர் 24-ல் வந்தது, மும்பைக்கு 2013 ஏப்ரல் 27-ல். ஒரு செக்குக்கு மூன்று படம்: முன்பக்கம் சாம்பல் நிறத்தில் ஒன்று, கறுப்பு வெள்ளையில் ஒன்று, பின்பக்கம் கறுப்பு வெள்ளையில் ஒன்று. தகவல் ஒரு எக்ஸ்எம்எல் கோப்பில், படங்கள் தனி பைனரிக் கோப்பில். இரண்டுக்கும் டிஜிட்டல் கையெழுத்து. வெளியே எடுத்து வைத்தாலும் எதற்கு எது என்ற பிணைப்பை விடாத ஏற்பாடு. 2005-ல் பட்டவன் என்பதால், தில்லியில் அது ஆரம்பித்தபோது நான் முதலில் விசாரித்தது வேகத்தை அல்ல, இதைத்தான். காகிதச் செக்கைப் போட்ட வங்கியே 10 வருஷம் பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்ற விதியும் எனக்கு ஆறுதல். சந்தேகம் வந்தால் எடுத்துப் பார்க்க அட்டை இருக்கிறது.

ஆதார் இ-கேஒய்சி எதிர் வழி. உங்கள் போட்டோ பேஸ்-64 எழுத்தாக எக்ஸ்எம்எல்லுக்குள்ளேயே வருகிறது, மொத்தத்துக்கும் ஒரே கையெழுத்து. போட்டோ சின்னது, வீங்கினாலும் பரவாயில்லை, பிரிக்க முடியாது. சரியான முடிவு என்றுதான் சொல்வேன்.

சோப், எக்ஸ்எம்எல் எல்லாம் இன்றைய பிள்ளைகளுக்குத் தாத்தா காலத்துச் சமாச்சாரம். இப்போது ஜேசான். அதிலும் பைனரிக்கு இடம் கிடையாது! அதனால் அதே பேஸ்-64, அதே மூன்றுக்கு நான்கு, 1987-லிருந்து மாறாமல். கனம் பிடிக்காதவர்கள் படத்தைத் தனியாக ஏற்றிவிட்டு, கடிதத்தில் அதன் முகவரியை மட்டும் எழுதுகிறார்கள். கவரிங் லெட்டரும் என்க்ளோஷரும் புதுச் சட்டை போட்டு வந்திருக்கின்றன.

போன மாதம் கடன் விண்ணப்ப ஆவணங்களை வாங்கும் ஒரு மென்பொருளின் சோதனைப் பட்டியல் என் மேஜைக்கு வந்தது. ஆவணங்கள் தனி, விண்ணப்பம் தனி. "வேகமா இருக்கு சார், எல்லாமே பாஸ்" என்றார் புதிதாகச் சேர்ந்த அதிகாரி, எம்.சி.ஏ. படித்த பெண். நாற்பத்திரண்டு சோதனைகள், எல்லாவற்றிலும் டிக். நான் மேலிருந்து கீழே இரண்டு தடவை படித்தேன்.

"நடுவில் ஒரு ஆவணம் மட்டும் காலியாக வந்தால் அடுத்ததெல்லாம் எங்கே போய் உட்காருகிறது என்று பார்த்தீர்களாம்மா?"

"அப்படி ஒரு டெஸ்ட் கேஸ் இல்லையே சார்."

பேனாவை எடுத்து 43 என்று எண் போட்டு அதை எழுதிக் கொடுத்தேன். கையெழுத்துப் போடும் இடத்தைக் காலியாகவே விட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.